மகளுக்கு ஸ்பீச் தெரபி: வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை

ஸ்பீச் தெரபிக்குப் போனால் முதலில் காதைப் பரிசோதித்துவிட்டு வரச் சொல்வார்கள். இது தெரியாமல், இரண்டரை வயது மகளைக் கூட்டிக்கொண்டு, இன்றைக்கே பயிற்சி தொடங்கிவிடும் என்ற நினைப்பில் போய் உட்கார்ந்தோம். "காது நல்லாத்தாங்க கேக்குது, கதவு சத்தம் கேட்டாத் திரும்பிப் பாக்குறா" என்றேன். தெரபிஸ்ட் சிரித்துவிட்டு, எல்லாப் பெற்றோரும் இதையேதான் சொல்வார்கள் என்றார்.

கதவு அடிக்கிற சத்தமும் பாத்திரம் விழுகிற சத்தமும் பெரிய சத்தங்கள். பேச்சில் வருகிற ச, ப, த, க போன்ற ஒலிகள் அப்படியில்லை. மெலிதாக வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். நடுக்காதில் நீர் கோத்திருக்கிற குழந்தைக்கு நம் பேச்சு, காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போலக் கேட்கும். குரல் கேட்கும், சொல் தெளியாது. குழந்தை திரும்பிப் பார்ப்பதை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சோதனை நினைத்த அளவு கடினமாக இல்லை. குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. காதுக்குள் சின்ன முனை ஒன்றை வைத்து, ஒலிக்கு உள்காது தரும் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். பெரா சோதனையில், தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத் தண்டுவரை போகிறதா என்று பார்க்கிறார்கள். மகளுக்கு உள்காதில் குறை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் நடுக்காதில் நீர். சின்னப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வடிந்துவிடும் என்று சொல்லி, மறுபடி பார்க்க ஒரு தேதி கொடுத்தார் காது மூக்கு தொண்டை மருத்துவர். சொன்னது போலவே வடிந்தது. பேச்சில் இருந்த பின்தங்கல் அதோடு போகவில்லை. நல்லவேளை, காது சரியாகட்டும் என்று காத்திராமல் தெரபியை அதற்குள் தொடங்கியிருந்தோம்.

முதல் சந்திப்பில் தெரபிஸ்ட் மகளை ஒரு சொல்கூடச் சொல்லச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு பெட்டி நிறைய பொம்மைகளைக் கொட்டிவிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டே எங்களிடம் கேள்வி கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? எட்டாத பொருளை விரல் நீட்டிக் கேட்கிறாளா? சரி, வேண்டும் என்பதற்காக இல்லாமல், 'அதோ பாரு' என்பது போல எதையாவது சுட்டிக்காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? கடைசிக் கேள்விதான் முக்கியமாம். ஒரு வயதை ஒட்டிக் குழந்தைகள் இதைத் தொடங்குகிறார்கள். தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்ற ஆசை அது. பேச்சு அந்த ஆசையின் மேல்தான் முளைக்கிறது. வானத்தில் விமானம் போனால் மகள் எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே காட்டுவாள். அதைக் கேட்டதும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து, புரிதல். பேசுவது ஒரு கணக்கு, புரிந்துகொள்வது வேறு கணக்கு. "நாம சொல்றது எல்லாம் அவளுக்குப் புரியும்" என்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம். கையை அசைக்காமல், அந்தப் பொருளின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல், வெறும் சொல்லால் கேட்டுப் பாருங்கள் என்றார். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் கொண்டுவந்தாள். "பந்தைப் பெட்டிக்குள்ள போட்டுட்டு அண்ணன்கிட்ட போ" என்றபோது பாதியில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்தாள். அதுவரை எங்கள் கையும் கண்ணும் கொடுத்த துப்பை வைத்து ஊகித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் தெரபியில் சொல்வதற்கு இணையாகப் புரிதலுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கேயே முடிவானது.

எத்தனை சொல் பேசுகிறாள் என்ற கேள்விக்கு எல்லாரும் குறைத்தே சொல்வார்கள் போலிருக்கிறது. தெளிவாக உச்சரித்தால்தான் சொல் என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டிக்கு 'டுர்ர்', நாய்க்கு 'பவ்', தண்ணீருக்கு 'ண்ணி' என்று ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தானாக, காரணத்தோடு சொன்னால் அதுவும் சொல்தான். இந்தக் கணக்கில் எழுதியபோது எங்கள் பட்டியல் இரட்டிப்பானது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் வெளியிட்ட திருத்திய குழந்தை வளர்ச்சிப் பட்டியலில், இரண்டரை வயதுக்கு ஏறத்தாழ 50 சொற்கள் என்று இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள், அதாவது நூற்றுக்கு 75 பேராவது, அந்த வயதுக்குள் எட்டியிருக்கும் அளவு அது. பட்டியல் இரட்டித்தும் மகள் அதில் பாதியைத் தொடவில்லை.

எண்ணிக்கையைவிட இன்னொன்று அவர் கண்ணில் பட்டது. பட்டியல் முழுக்கப் பொருள்களின் பெயர்கள். பந்து, நாய், வண்டி, லைட். வா, போ, குடு, திற, போதும், இன்னும், வேண்டாம் எதுவுமே இல்லை. பெயர்களை மட்டும் எத்தனை அடுக்கினாலும் வாக்கியம் ஆகாது. படப் புத்தகத்தைத் திறந்து யானை, சிங்கம் என்று கற்றுக்கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டு, ஒரு நாளில் நூறு தடவை பயன்படுகிற இந்தச் சின்னச் சொற்களை எடுத்துக்கொண்டோம். 'குடு' வந்துவிட்டால் 'பந்து குடு' வரும். அதுவே இரண்டு சொல் வாக்கியம்.

இனி வீட்டுக் கதை.

பேசாத குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் தேர்வாளர்களாகி விடுகிறார்கள். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு, மாமாக்குச் சொல்லு!" வருகிற விருந்தாளிவரை யாரும் இதை விடுவதில்லை. இத்தனைக்கும் விடை கேட்கிறவருக்கே தெரியும். இப்படிக் கேள்விமேல் கேள்வி வந்தால் குழந்தை வாயை மூடிக்கொள்வதில் வியப்பில்லை. தெரபிஸ்ட் சொன்ன விதி: ஒரு கேள்வி கேட்டால், நாலு விஷயம் சும்மா சொல்லுங்கள். அவள் கட்டைகளை அடுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து "மேல வை... இன்னும் ஒண்ணு... ஐயோ, விழுந்துருச்சு!" என்று, அவள் செய்வதற்கே வார்த்தை கொடுப்பது. பதில் எதிர்பார்ப்பதில்லை. அவள் 'பந்து' என்றால் நாம் "பந்து போடு" அல்லது "பெரிய பந்து" என்போம். அவள் சொன்னதோடு ஒரே ஒரு சொல் கூடுதலாக. பத்துச் சொல் வாக்கியம் சொன்னால் அவள் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இருக்காது.

அப்புறம், காத்திருப்பது. இதைச் சொல்லிக் காட்டுவது எளிது, செய்வது கொடுமை. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மனசுக்குள் பத்துவரை எண்ண வேண்டும். நாலாவது எண்ணுக்குள் நமக்கு நாக்கு துடிக்கும். 1975இல் கனடாவில் தொடங்கிய ஹேனன் மையம் பெற்றோருக்குச் சொல்லித்தரும் முறையின் அடிப்படையே மூன்று சொல்தான்: கவனி, காத்திரு, செவிகொடு. இந்தத் துறையில் நான் கேள்விப்பட்ட அறிவுரைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. பேசத் தாமதமாகும் குழந்தைக்கு, கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாயை அசைக்க நம்மைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாமே பேசி நிரப்பிவிட்டால் அவள் முறை வருவதே இல்லை.

இதில் பெரிய சிக்கல் அவளுடைய அண்ணன். ஆறு வயது. தங்கை கை நீட்டுவதற்குள் "அவளுக்குத் தண்ணி வேணும்பா" என்று மொழிபெயர்த்துவிடுவான். அவனைத் திட்டினால் வேலைக்காகாது என்று, அவனுக்கு ஒரு வேடம் கொடுத்தோம்: எதுவும் தெரியாதவன். தங்கை மூடிய டப்பாவை நீட்டினால், "இதை என்ன செய்யணும்? தலையில வச்சுக்கணுமா?" என்று தலையில் வைத்துக்கொள்வான். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு 'தி' என்பாள். 'திற' என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அவள் முதலில் சொன்ன வினைச்சொல் அதுதான், அதை வாங்கியவன் அவன்.

கேட்க வேண்டிய தேவையையும் கொஞ்சம் உருவாக்கினோம். பிடித்த பொம்மை இறுக்க மூடிய, உள்ளே தெரிகிற டப்பாவில். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக்கு ஒரு முறை சாவி கொடுத்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுப்பது. சோப்புக் குமிழி ஒரு தடவை ஊதிவிட்டு மூடியை மூடிக்கொண்டு பார்ப்பது. ஊஞ்சலை நடுவில் பிடித்து நிறுத்துவது. "ஒண்ணு, ரெண்டு..." என்று சொல்லி நிறுத்தினால், 'ஊணு' என்று அவளே முடிப்பாள். சட்டை மாட்டும்போது இரண்டைக் காட்டி "சிவப்பா, நீலமா?" கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால் சொல்வது எளிது.

இதில் ஒரு எல்லை இருக்கிறது, அதை நான் அழுத்தியே சொல்வேன். சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பசி, தாகம், தூக்கம், பயம் இவற்றை வைத்து ஒருபோதும் பேச்சு வாங்கக் கூடாது. கண்ணால் பார்த்தாலும் போதும், கையால் காட்டினாலும் போதும், அரைகுறை ஒலி வந்தாலும் போதும். உடனே கொடுத்து, கொடுக்கும்போதே நாம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை மறுபடி கேட்கும்.

சைகையும் படங்களும் வந்தபோது வீட்டில் எதிர்ப்பு கிளம்பியது. "கையிலயே காட்டிட்டா அப்புறம் வாயை எதுக்குத் திறப்பா?" என்றார் என் அம்மா. நியாயமான பயம்தான். எனக்கும் அது இருந்தது. தெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். படம், சைகை, பேசும் கருவி போன்ற மாற்று வழிகள் பேச்சைக் கெடுக்கின்றனவா என்று அதுவரை வந்த ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்பகமாகச் செய்யப்பட்டவற்றில் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியே இருந்தது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. 'போதும்' என்பதற்கு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டக் கற்றுக்கொடுத்தோம். சில வாரங்களில் கையோடு 'ஓதும்' வந்தது. அப்புறம் கை தானாக நின்றுபோனது. இன்னொரு மாற்றத்தை நாங்கள் எதிர்பார்க்கவேயில்லை. 'வேண்டாம்' என்பதைத் தலையாட்டலாகவும் ஒலியாகவும் சொல்ல வந்ததும், அண்ணனைக் கடிப்பது பெருமளவு குறைந்தது. அதுவரை அவளுக்கு மறுப்புச் சொல்லப் பல்தான் இருந்தது.

மற்ற அறிவுரைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்று பலர் சொன்னார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பெற்றோர் தங்களுக்கு இயல்பாக வரும் மொழியில், மனம்விட்டுப் பேசுவதே நல்லது. ஊதுகுழல் ஊது, கன்னத்தை உப்பு, நாக்கைச் சுழற்று என்று வாய்க்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பேசாத வெறும் வாயசைவுப் பயிற்சி பேச்சைத் தெளிவாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பேச்சு பேசித்தான் வரும். திரையைப் பற்றி: ஒரு வயதில் வேண்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். திரை காத்திருக்காது, குழந்தையின் ஒலிக்கு முகம் மலராது. எங்கள் வீட்டில் அதை முழுதாக நிறுத்தவில்லை. பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம்.

முன்னேற்றம் ஏணிப்படி மாதிரி சீராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரக்கணக்கில் ஒரு புதிய சொல்லும் வராது. தெரபியே வீணோ என்று தோன்றும். பிறகு ஒரே வாரத்தில் நாலைந்து வந்து விழும். இதற்காகவே மாதம் ஒருமுறை அவள் விளையாடுவதைப் போனில் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்துவைத்தோம். தினமும் பார்ப்பவர்களுக்கு மாற்றம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்தால் தெரியும்.

சொற்கள் சேர்ந்து வாக்கியமானதும் அடுத்த பிரச்சினை: வெளியாருக்குப் புரியவில்லை. மகள் 'க' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'த' சொன்னாள். காக்கா வந்து உட்கார்ந்தால் "தாத்தா! தாத்தா!" என்று கத்துவாள். என் அப்பா ஒவ்வொரு முறையும் "என்னம்மா?" என்று எழுந்து வருவார். தொண்டைப் பக்கம் பிறக்க வேண்டிய ஒலியை நாக்கு நுனிக்குக் கொண்டுவருவது சின்னக் குழந்தைகளிடம் இயல்பு. பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டித் தானாகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை.

இதற்கு அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலில் வாய் இல்லை, காது. 'கட்டு', 'தட்டு' என்று இரண்டு படங்கள். ஒன்றில் புத்தகக் கட்டு, மற்றதில் சாப்பிடுகிற தட்டு. அவர் சொல்வார், இவள் சரியான படத்தைத் தொட வேண்டும். இரண்டும் வேறு என்று காது பிரித்தறிந்த பிறகு ஆட்டத்தைத் திருப்பினார். இப்போது மகள் டீச்சர், நான் மாணவன். அவள் புத்தகக் கட்டை மனதில் வைத்துத் 'தட்டு' என்பாள். நான் தட்டை எடுப்பேன். "அது இல்லப்பா!" என்று கோபம் வரும். அந்தக் கோபம்தான் மருந்து. தான் சொன்ன ஒலி அர்த்தத்தையே மாற்றுகிறது என்று அவளுக்கே உறைக்கும்போது, நாக்கைப் பின்னால் இழுத்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது. சாதாரணப் பேச்சின் நடுவே "தாத்தா இல்ல, காக்கா சொல்லு" என்று நாங்கள் திருத்துவதில்லை. "ஆமா, காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு விஷயத்தைத் தொடர்வோம். ர, ற, ழ பற்றி மூன்று வயதில் கவலைப்படவே வேண்டாம் என்றார். ழகரத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுக் குழந்தையைக் குறை சொல்வது நல்லது.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது பற்றி. நாங்கள் சேர்த்துப் பார்த்த வேறோர் இடத்தில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது. கதவு மூடியிருக்கும், வெளியே நாற்காலி. முடிந்ததும் "இன்னைக்கு நல்லாப் பண்ணினா" என்று ஒரு வரி. என்ன செய்தார்கள், வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை. விலகிவிட்டோம். வாரத்தில் ஒரு முக்கால் மணி நேரம் அவர்களிடம், மீதி விழித்திருக்கும் நேரமெல்லாம் நம்மிடம். பெற்றோருக்குச் சொல்லித்தந்து அவர்கள் வழியாகச் செய்யும் பயிற்சி பலன் தருகிறது என்று 2011இல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கதவை மூடிக்கொண்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. நல்ல தெரபிஸ்ட் நம்மையும் தரையில் உட்கார வைப்பார். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை மட்டும் கொடுப்பார். 'பேச்சு மேம்படும்' என்று எழுதாமல், 'இரண்டு சொல் சேர்த்துத் தானாகக் கேட்பாள்' என்று நாமே பார்த்து உறுதி செய்யக்கூடிய இலக்காக எழுதுவார். ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவேன் என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

எப்போது போவது? "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற சமாதானம் எங்களுக்கும் கிடைத்தது. தாமதமாகப் பேசுகிற குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. யார் பிடிப்பார்கள், யார் பிடிக்க மாட்டார்கள் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. காது, அறிவுத்திறன் எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் தடுமாறும் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, 30 பேர் உள்ள வகுப்பில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கக்கூடியது. பள்ளி போன பிறகு 'கவனமில்லாத பையன்' என்ற பெயரோடு அது மறைந்து கிடக்கும். ஒரு வயதில் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் மதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதில் காணாமல் போனாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மதிப்பீட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நமக்கு ஒரு மணி நேரம்தான் நஷ்டம்.

இப்போது மகளுக்கு நாலரை வயது. 'க' சரியாகிவிட்டது. மாதம் ஒருமுறை போய்வருகிறோம். இப்போதைய பாடம், நடந்ததை வரிசையாகச் சொல்வது. "இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள், எல்லாக் குழந்தைகளையும் போல. அதனால் அன்றைக்கு எடுத்த இரண்டு மூன்று போட்டோக்களைப் போனில் வரிசை மாற்றிக் காட்டுகிறேன். நனைந்து நிற்கிற படத்தை முதலிலும், மழை தொடங்குகிற படத்தைக் கடைசியிலும். "தப்பா இருக்குப்பா" என்று போனைப் பிடுங்கி, "மொதல்ல மழை வந்துச்சு, அப்புறம் நான் ஓடினேன், அண்ணன் வழுக்கி விழுந்துட்டான்" என்கிறாள். 'ஏன்னா' இன்னும் வரவில்லை. அடுத்த மாதத்துக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.